நெசமாத் தப்பா, பரீட்சைக்குத் தப்பா?

எம்.எஸ்சி. படித்த இரண்டு வருடமும் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் டியூஷன் எடுத்தேன். மேலே தகரக் கூரை, ஒரு கரும்பலகை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேர். அவர்களைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் நான் அக்கா. அப்போது எனக்கு ஒரு கர்வம் உண்டு. புத்தகத்தைத் திறக்காமலே பலகையில் கணக்குப் போடுவேன்.

காரணிப்படுத்தும் கணக்கை அப்படி உருவாக்குவது ரொம்ப சுலபம். மனசுக்குள் இரண்டு எண்களை எடுத்துக்கொள்ள வேண்டும். 3, 5 என்று வைத்துக்கொண்டால் கூட்டினால் 8, பெருக்கினால் 15. உடனே பலகையில் ‘எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 8 எக்ஸ் பிளஸ் 15’ என்று எழுதிவிடலாம். பிள்ளைகள் பெருக்கல் குறி மாதிரி பெரிதாக ஒரு குறுக்குக்கோடு போட்டு, மேலே 15, கீழே 8 என்று எழுதிக்கொண்டு, இரண்டு பக்கமும் வரவேண்டிய எண்களைத் தேடுவார்கள். 3, 5 கிடைத்துவிட்டால் ‘எக்ஸ் பிளஸ் 3’, ‘எக்ஸ் பிளஸ் 5’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அடிக்கோடு. முடிந்தது. நான் ஒளித்துவைத்ததை அவர்கள் எடுத்துக் கொடுக்கிறார்கள். மணலைக் குவித்துக் குச்சியை ஒளித்து ஆடுவோமே, கிச்சுக் கிச்சுத் தாம்பாளம், கிட்டத்தட்ட அதுதான்.

ஒரு நாள் குச்சியை வைக்காமலே மணலைக் குவித்துவிட்டேன். 2, 4 என்று நினைத்து 6, 8 என எழுத வேண்டிய இடத்தில், கை தவறி 6, 7 என்று எழுதியிருக்கிறேன். கவனிக்கவில்லை. கீழேயிருந்து அம்மா ஏதோ கேட்க, பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டினால் 6, பெருக்கினால் 7. ஏழை இரண்டாக உடைக்க 1, 7 தவிர வழி இல்லை. அதைக் கூட்டினால் 8 வந்து நிற்கிறது. இரண்டு நிமிடத்தில் ஒருத்தன் “அக்கா, வரலைக்கா” என்றான். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்: “தேடு, வரும்.”

பத்து நிமிடம் தேடினார்கள். மைனஸ் போட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி ஏழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லிப் பார்த்தாள். எப்போதும் முதலில் முடிக்கும் பையன் நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டான். அவனுக்கும் வரவில்லை என்று மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. பிறகுதான் பலகையைப் பார்த்தேன். பார்த்தவுடனே புரிந்துவிட்டது. “தப்பா எழுதிட்டேன்டா, அது எட்டு” என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்போம். நான் சொன்னதோ, “சரி, வீட்ல யோசிச்சிட்டு வாங்க.”

மறுநாள் ஒரு பெண் மட்டும் யோசித்துவிட்டு வந்தாள். அதிகம் பேசாதவள். ‘எக்ஸ் பிளஸ் 3’ஐ வர்க்கப்படுத்தினால் எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 6 எக்ஸ் பிளஸ் 9 வருகிறது, நமக்கு வேண்டியது 7, அப்படியானால் அதிலிருந்து 2ஐக் கழித்தால் போதும். 2 என்பது ரூட் 2இன் வர்க்கம். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தை எப்படிப் பிரிப்பது என்பது அவளுக்கு முந்தைய வருடமே தெரியும். ஆக, ஒரு காரணி எக்ஸ் பிளஸ் 3 பிளஸ் ரூட் 2. இன்னொன்று எக்ஸ் பிளஸ் 3 மைனஸ் ரூட் 2. பெருக்கிச் சரிபார்த்தும் வைத்திருந்தாள்.

அது சரியான விடை. முழுக்கச் சரி. ரூட் 2 பற்றிய பாடத்தை அதே வருடம் அதே மாடியில் நடத்தியதும் நான்தான். ஆனால் நேற்றைய தவறு என் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது. இதைச் சரி என்றால், நேற்று பத்துப் பேரை ஏன் தேடவிட்டாய் என்ற கேள்வி வரும். “காரணின்னா முழு எண்ணாத்தான் வரணும். இதெல்லாம் காரணி இல்ல. காரணிப்படுத்த முடியாதுன்னு எழுது” என்றேன். அவள் வாதாடவில்லை. பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்து அரைப்பக்கத்தையும் அழித்தாள். பென்சிலில் எழுதியிருந்தாள். அழித்த தூளை ஊதிவிட்டு ‘முடியாது’ என்று எழுதினாள்.

ஆண்டுப் பரீட்சை முடிந்த பிறகு மனசு கேட்காமல் அவளைக் கூப்பிட்டு, அன்று நீ போட்டது சரிதான் என்று சொன்னேன். என் கை தவறியதைச் சொன்னேனா என்று கேட்டால், இல்லை. பரீட்சையில் அப்படிக் கேட்கமாட்டார்கள் என்பதால் அப்படிச் சொன்னேன் என்று சமாளித்தேன். அவள் தலையாட்டினாள். கோபமெல்லாம் இல்லை. அடுத்த வருடமும் டியூஷனுக்கு வந்தாள். ஆனால் அதற்குப் பிறகு நான் எதைத் தப்பு என்று சொன்னாலும் ஒரு கேள்வி கேட்பாள். கிண்டல் இல்லாமல், தகவல் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பாள்:

“அக்கா, இது நெசமாத் தப்பா, பரீட்சைக்குத் தப்பா?”

*

இந்தக் கேள்வியை நான் பல வருடமாக இரண்டு விதமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாடம் எளிதாக வேண்டும் என்பதற்காக ஆசிரியர் சொல்லும் உண்மையல்லாத வாக்கியம் பொய்யா? பொய் என்றால், அது மன்னிக்கக்கூடிய பொய்யா?

எல்லா வகுப்பிலும் இது நடக்கிறது. இரண்டாம் வகுப்பில் 3இலிருந்து 5ஐக் கழிக்க முடியாது என்கிறோம். ஆறாம் வகுப்பில் முடியும் என்கிறோம். மைனஸ் எண்ணுக்கு வர்க்கமூலம் கிடையாது என்று பத்தாம் வகுப்பில் சொல்லிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பில் கலப்பெண்கள் என்று ஒரு முழு அத்தியாயத்தையே திறக்கிறோம். டெர்ரி பிராட்செட், இயன் ஸ்டூவர்ட், ஜாக் கோஹன் மூவரும் சேர்ந்து 1999இல் எழுதிய டிஸ்க்வேர்ல்ட் அறிவியல் புத்தகத்தில் இதற்கு ‘குழந்தைகளுக்கான பொய்கள்’ என்ற பெயரைப் பயன்படுத்தினார்கள். திட்டுவதற்காக வைத்த பெயர் அல்ல. இந்தப் பொய்கள் இல்லாமல் பெரிய உண்மைகளுக்குப் படி ஏற முடியாது என்பதுதான் அவர்கள் கட்சி. நம் வள்ளுவரும், குற்றமில்லாத நன்மையைத் தருமென்றால் பொய்யையும் வாய்மையின் பக்கத்தில் உட்காரவைக்கலாம் என்று இடம் கொடுத்தவர்தானே.

அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கும் தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது கொஞ்சம் எரிச்சலாகவே பேசினாள். “நீ மாடியில பதினோரு பேருக்கு நடத்தின. எனக்கு ஒரு வகுப்புல அறுபது பேர். அதுல பாதிப் பேருக்குக் கூட்டல் கழித்தல் இடறுது. அவங்ககிட்டப் போயி எந்த எண்களுக்குள்ள காரணிப்படுத்தணும்னு தத்துவம் பேசவா? அந்த ரெண்டு மார்க்குல ஒரு பிள்ளை பாஸாகும். பாஸானா காலேஜுக்கு அனுப்புவாங்க. ஃபெயிலானா கல்யாணம் பண்ணிடுவாங்க. உன் ரூட் ரெண்டு அவளுக்கு என்ன பண்ணும்?”

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அவள் சொல்வதில் முக்கால்வாசி சரி. பரீட்சைக்குச் சரியான விடை என்பது ஒன்றும் கேவலமான பொருள் இல்லை. பல வீடுகளில் அது அரிசி மாதிரி. ஆனால் அவள் பேசுவது சொல்லாமல் விடுவதைப் பற்றி. நான் செய்தது சொல்லாமல் விட்டது அல்ல. ஒரு பிள்ளை தானாகவே வந்து சேர்ந்த இடத்தை, அங்கே இடமே இல்லை என்று சொல்லி அழிக்கவைத்தது. சின்னப் பிள்ளைக்குக் கடலைக் காட்டாமல் இருப்பது ஒன்று. பார்த்துவிட்டு வந்த பிள்ளையிடம் கடல் என்று ஒன்று கிடையாது என்பது வேறு.

*

நாம் காரணிப்படுத்தச் சொல்லிக்கொடுக்கும் முறையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். தேடச் சொல்கிறோம். தேடினால் கிடைக்கும் என்கிறோம். தேடியும் கிடைக்காதவனுக்கு இரண்டு விஷயங்களை வேறுபடுத்திப் பார்க்க வழி இல்லை. ஒன்று, எனக்குக் கிடைக்கவில்லை. இன்னொன்று, அப்படி ஒன்று இல்லை. அன்று நோட்டை மறைத்துக்கொண்ட பையன் இந்த இரண்டாவதைத் தன் முதலாவதாக எடுத்துக்கொண்டான். இல்லாத எண்களைக் கண்டுபிடிக்க முடியாததற்காக வெட்கப்பட்டான்.

இப்படி வெட்கப்பட வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு மழைநாளில் எண்ணிப் பார்த்தேன். நடுவில் வரும் எண் 1 முதல் 10 வரை, கடைசியில் வரும் எண்ணும் 1 முதல் 10 வரை. மொத்தம் 100 கோவைகள். இதில் முழு எண்களைக் கொண்டு காரணிப்படுத்தக் கூடியவை எத்தனை தெரியுமா? 14. நீங்களும் எண்ணிப் பார்க்கலாம், அரைமணி நேரம்கூட ஆகாது. 1உடன் 1 முதல் 9 வரை சேர்த்தால் ஒன்பது ஜோடி, 2உடன் 2 முதல் 5 வரை நாலு, 3உடன் 3 ஒன்று. அவ்வளவுதான். எண்களைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் இந்த விகிதம் இன்னும் குறைந்து, ஒன்றுமில்லாமல் போகும் அளவுக்குத் தேய்கிறது. புத்தகத்திலோ பயிற்சிக் கணக்கு அத்தனையும் பிரியும். அவை உலகத்திலிருந்து பொறுக்கிய கணக்குகள் இல்லை. விடையை முதலில் வைத்துவிட்டு அதைச் சுற்றிக் கட்டிய கணக்குகள். இதில் தப்பு ஒன்றும் இல்லை, பயிற்சிக்கு அப்படித்தான் கட்ட முடியும். கட்டியதுதான் என்பதை எங்கேயாவது ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

இத்தனைக்கும், தேடாமலே கண்டுபிடிக்கும் வழி மிகப் பழையது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகச் சேகரிப்பில் ஒரு பாபிலோனியக் களிமண் பலகை இருக்கிறது. 3,500 ஆண்டுகளுக்கும் மேல் வயது. அதில் உள்ள கணக்கு: இரண்டு எண்களைப் பெருக்கினால் 60, வித்தியாசம் 7, எண்கள் எவை? நம் பிள்ளைகள் 12, 5 என்று தேடிப் பிடிப்பார்கள். பலகையை எழுதியவர் தேடவில்லை. 7இல் பாதி மூன்றரை. அதன் வர்க்கம் பன்னிரண்டே கால். அதோடு 60ஐச் சேர்த்தால் எழுபத்திரண்டே கால். அதன் வர்க்கமூலம் எட்டரை. எட்டரையோடு மூன்றரையைக் கூட்டினால் 12, கழித்தால் 5. ஊகம் ஒன்றுமே இல்லை.

நம் கூட்டல் கணக்குக்கும் இது பொருந்தும். கூட்டினால் 6 என்றால், இரண்டு எண்களும் 3இலிருந்து சம தூரத்தில் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. அந்தத் தூரத்தை வர்க்கப்படுத்தி 9இலிருந்து கழித்தால் பெருக்கல் கிடைக்க வேண்டும். பெருக்கல் 8 என்றால் தூரத்தின் வர்க்கம் 1. எண்கள் 2, 4. பெருக்கல் 7 என்றால் தூரத்தின் வர்க்கம் 2; தூரம் ரூட் 2. ‘வரலைக்கா’ என்ற பேச்சே வராது. 2019இல் போ ஷென் லோ என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் இதை வகுப்பறைக்கான முறையாக எடுத்துச் சொன்னபோது நிறையப் பேர் புதுசு என்று கொண்டாடினார்கள். இதன் பகுதிகள் எல்லாம் பழையவை என்பதை அவரே சொல்லியிருந்தார்.

*

சரி, அப்படியானால் ‘முடியாது’ என்று சொல்லவே கூடாதா?

பாக்தாதில் ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அல் குவாரிஸ்மி எழுதிய புத்தகத்தின் தலைப்பிலிருந்துதான் அல்ஜிப்ரா என்ற பெயரே வந்தது. அதில் ஒரு கணக்கு, நம் சொற்களில் சொன்னால், கூட்டினால் 10, பெருக்கினால் 21 வரும் எண்கள் எவை என்பது. பாதி 5, அதன் வர்க்கம் 25, அதில் 21 போக 4, அதன் மூலம் 2. ஆக 3, 7. இதைச் சொன்ன கையோடு ஒரு எச்சரிக்கையும் தருகிறார்: பாதியின் வர்க்கம் அந்தப் பெருக்கல் எண்ணைவிடச் சின்னதாக இருந்தால் கணக்கு நடக்காது.

எழுநூறு வருடம் கழித்து, 1545இல், இத்தாலியில் கார்டானோ அதே 10ஐ எடுத்து, பெருக்கினால் 40 வரவேண்டும் என்று கேட்டார். 25இலிருந்து 40ஐக் கழிக்க வேண்டும். அல் குவாரிஸ்மி நின்ற இடத்தில் இவர் நிற்கவில்லை. மைனஸ் 15இன் மூலம் என்று ஒன்றை எழுதி, மனசு படும் வதையை ஓரமாக வைத்துவிட்டுப் பெருக்கிப் பார்த்தார். 40 வந்தது. இவ்வளவு நுணுக்கமான விஷயம், ஆனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்கிற மாதிரி அலுத்துக்கொண்டு விட்டுவிட்டார். அந்தப் பிரயோஜனமில்லாத எண்கள் இல்லாமல் இன்று மின்பொறியியல் பாடப்புத்தகம் ஒன்றைக்கூட எழுத முடியாது.

இப்போது அல் குவாரிஸ்மி சொன்னது பொய்யா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கு எண் என்றால் சதுரத்தின் பக்கம், திர்ஹம் காசு. அந்த உலகத்துக்குள் அவர் சொன்னது இன்றும் உண்மை. அதைவிட முக்கியம், ‘நடக்காது’ என்பதோடு எப்போது நடக்காது, ஏன் நடக்காது என்கிற சோதனையையும் சேர்த்தே கொடுத்தார். கார்டானோ வேலிக்கு வெளியே காலை வைத்தபோது வேலி எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தே வைத்தார், 25இலிருந்து 40. என் ‘முடியாது’வில் அப்படி ஒரு வேலியே இல்லை. அக்கா சொல்கிறாள், அவ்வளவுதான் அதன் நிரூபணம்.

பாஸ்கரர் ஒரு படி மேலே. அவருடைய பீஜகணிதத்தில் ஒரு குரங்குக் கணக்கு உண்டு. கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து, அதை வர்க்கப்படுத்தினால் எத்தனையோ அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. ஒன்று மட்டும் மரக்கிளையில் தெரிகிறது. மொத்தம் எத்தனை? இரண்டு விடை வருகிறது, 50, 5. ஐம்பதில் ஐந்தில் ஒரு பங்கு 10, மூன்று போனால் 7, வர்க்கம் 49, கிளையில் ஒன்று, சரி. ஐந்தை வைத்துப் பாருங்கள். ஒன்றிலிருந்து மூன்று போனால் மைனஸ் 2, வர்க்கம் 4, கிளையில் ஒன்று. இதுவும் சரி! ஆனால் மைனஸ் இரண்டு குரங்கு என்பதை உலகம் ஏற்காது, ஆகவே 5 பொருந்தாது என்று ஒதுக்குகிறார். எனக்கு இதில் பிடித்தது, ஒதுக்கிய விடையை அவர் அழிக்கவில்லை. 5 என்று எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுதினார். எண்ணூறு வருடத்துக்கு மேல் கழித்து மொட்டைமாடியில் உட்கார்ந்து படிக்கிறவள் அந்தக் காரணத்தோடு சண்டை போடலாம். வேண்டாம் என்று சொன்னவரும் ஆதாரத்தை மிச்சம் வைத்திருக்கிறார். நான் ரப்பரை எடுக்கவைத்தேன்.

எனக்கு இப்போது தெரிகிற வித்தியாசம் இதுதான். எளிமைப்படுத்திய வாக்கியம் யாருக்காகச் சொல்லப்பட்டது? இரண்டாம் வகுப்பு ஆசிரியை 3இலிருந்து 5 போகாது என்பது பிள்ளையின் விரல்களுக்காக. நான் சொன்னது எனக்காக. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி வாக்கியம். ‘பாடத்திட்டம் அப்படி’ என்று நான் அன்று ஒளிந்துகொண்ட இடம் நல்ல ஆசிரியர்களும் நிற்கிற இடம் என்பதால், யாரும் என்னைக் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பெண்ணைத் தவிர. அவளும் கண்டுபிடித்தாளா என்பது தெரியாது. அவள் கேட்ட கேள்வியில் குற்றச்சாட்டு இருந்ததில்லை. உலகத்தில் இரண்டு வகைச் சரி இருக்கிறது, எது எங்கே செல்லும் என்று தெரிந்து வைத்துக்கொள்வோம் என்கிற மாதிரி நிதானமாகக் கேட்பாள். பதினாலு வயதில் அந்த நிதானம் எனக்குப் பயமாக இருந்தது. அதை நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

*

இப்போதும் வார இறுதியில் நாலைந்து பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பத்துக் கணக்குக் கொடுத்தால் இரண்டில் குச்சி இருக்காது. முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டதற்கு ‘முழு எண்ணில் முடியாது’ என்று எழுதலாம், ரூட்டோடு விடை எழுதினால் இன்னும் சந்தோஷம், ஆனால் பரீட்சையில் நடு உறுப்பைப் பிரித்துப் போடச் சொன்னால் அப்படித்தான் போட வேண்டும். ஒரு அம்மா போன் செய்து, புக்கில் இல்லாததை எதற்கு நடத்துகிறீர்கள் என்று கேட்டார். பத்து நிமிடம் விளக்கினேன். ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை, ஆனால் பையனை அனுப்புகிறார்.

இதிலும் சிக்கல் வராமல் இல்லை. போன வாரம் எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 2 எக்ஸ் மைனஸ் 143 கொடுத்திருந்தேன். அதே பையன் நீட்டாக அடிக்கோடு போட்டு ‘முழு எண்ணில் முடியாது’ என்று எழுதியிருந்தான்.

“எப்படிடா தெரியும்?”

“ரொம்ப நேரம் தேடிப் பார்த்தேன்க்கா. இல்ல.”

“ரொம்ப நேரம்னா?”

கொஞ்சம் யோசித்தான். “ரெண்டு நிமிஷம்.”

பக்கத்தில் உட்காரவைத்தேன். கூட்டினால் 2, அதில் பாதி எவ்வளவு என்று கேட்டேன். ஒன்று என்றான். ஒன்றிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்கும் என்று பார்ப்போம் என்று பென்சிலை அவன் கையில் கொடுத்தேன். 1 பிளஸ் 143, நூற்று நாற்பத்து நாலு என்று எழுதினான். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘முடியாது’ என்று எழுதியிருந்ததன் மேல் ஒற்றைக் கோடு மட்டும் போட்டான்.